மினி, மோரிஸ் மைனர் வரிசையாக வருகிறதா? ஜாசின் சாலையோரத்தில் நின்று பார்க்கவும் படம் எடுக்கவும் ஒரு வழிகாட்டி

நீளம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சக்கரம் பத்து அங்குலம். 1959-இல் வந்த முதல் மினி காரின் அளவு அவ்ளோதான். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மைவியின் பக்கத்தில் அதை நிறுத்தினால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட கார்கள் இருபது, முப்பது சேர்ந்து ஒரு ஞாயிறு காலையில் செம்பனைத் தோட்டச் சாலையில் வரிசையாகப் போனால், மோட்டாரில் போகிறவர்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கைப்பேசியை எடுப்பார்.

மலாக்கா கோலாலம்பூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜொகூர் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் வந்து சேரலாம் என்பதால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பிடித்தமான தூரம். விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு ஜாசின் மாவட்டத்தின் உள்சாலைகள் வசதி.

அப்படி ஓர் அணிவகுப்பு உங்கள் ஊர் வழியாக வந்தால் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்படிப் படம் எடுப்பது, எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரேலி என்றால் பந்தயமா?

பெரும்பாலும் இல்லை. ‘ரேலி’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம்.

முதலாவது, வேகப் போட்டி. பொதுமக்கள் நுழைய முடியாதபடி மூடப்பட்ட பாதையில், நேரத்தை அளந்து ஓட்டுவது. உலக ரேலி சாம்பியன்ஷிப் இந்த வகை. 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்ற நம் நாட்டின் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் ஓட்டியது இப்படிப்பட்ட போட்டியில்தான்.

இரண்டாவது, சீர்வேக ரேலி. இதில் வேகமாக ஓட்டுபவர் ஜெயிப்பதில்லை. ‘இந்தப் பகுதியை மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டரில் கடக்க வேண்டும்’ என்று சொல்லிவிடுவார்கள். சோதனைச் சாவடிக்குத் தாமதமாக வந்தாலும் புள்ளி போகும், சீக்கிரம் வந்தாலும் போகும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் மடியில் வழிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டபடியே வழி சொல்வார். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு சந்திப்பும் கோடுகளால் ஆன சின்னப் படமாக இருக்கும். நெதர்லாந்தின் டியூலிப் ரேலியில் பிரபலமானதால் அதற்கு ‘டியூலிப்’ படம் என்றே பெயர்.

மூன்றாவது, நம் ஊரில் அதிகம் பார்ப்பது: கான்வாய் அல்லது புதையல் வேட்டை. கிளப் உறுப்பினர்கள் சேர்ந்து கிளம்புவார்கள். வழியில் கேள்விகளுக்கு விடை தேடுவார்கள், ஓர் ஊரில் பசியாறுவார்கள், இன்னோர் ஊரில் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வகைகள் திறந்த பொதுச் சாலையில் நடப்பவை. சிவப்பு விளக்கும் வேக வரம்பும் அவர்களுக்கும் உண்டு. அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே சாலையோரம் நின்று ‘இன்னும் வேகமா போங்க’ என்று கை காட்டுவது உற்சாகப்படுத்துவது ஆகாது. ஓட்டுநரைச் சிக்கலில் மாட்டிவிடும் வேலை அது.

எந்தெந்தக் கார்கள் வரும்?

அடையாளம் தெரிந்தால் பார்ப்பதே வேறு அனுபவம். நான்கைந்து கார்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

மோரிஸ் மைனர்: 1948-இல் பிரிட்டனில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். உருண்டையான முகம், மேடு தட்டிய பின்பக்கம். முன்கண்ணாடி நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் 1956-க்கு முந்தையது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டு வந்தால் கவனியுங்கள். 1961 வரை இதற்கு அதுதான் சிக்னல். பின்பாதியில் மரச்சட்டம் தெரிந்தால் அது ‘டிராவலர்’. மரம் அலங்காரத்துக்கு ஒட்டியதில்லை, பின்உடலைத் தாங்குவதே அந்தச் சட்டம்தான்.

மினி: இதையும் வடிவமைத்தவர் இசிகோனிஸ்தான். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைந்த எண்ணெயில் நான்கு பேர் போகும் கார் தேவைப்பட்டது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதற்கு அடியிலேயே அடக்கி, முன்சக்கரங்களை இழுக்கவிட்டார் அவர். இன்று நாம் ஓட்டும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை குறுக்கு எஞ்சின், முன்சக்கர இழுவை என்ற அந்த வழியில்தான் வருகின்றன. கதவுக் கீல் வெளியே தெரிந்தால், கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்தால், அது 1960-களின் கார். முகம் சதுரமாக இருந்தால் 1969-இல் வந்த ‘கிளப்மேன்’. பழைய மினி 2000-ஆம் ஆண்டு அக்டோபர் வரை தயாரானது. மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில்: கண்ணுக்கு முன்னால் காதுக்கு வரும் கார். எஞ்சின் பின்னால், காற்றால் குளிர்வது. அந்தப் படபட சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. பின்கண்ணாடியைப் பாருங்கள்: இரண்டு துண்டு என்றால் 1953-க்கு முந்தையது, முட்டை வடிவம் என்றால் 1957 வரை, அதற்குப் பிறகு பெரிய கண்ணாடி. உலகில் மொத்தம் 2 கோடியே 15 லட்சம் தயாராகி, 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி கார் வெளிவந்தது.

ஃபியட் 500: 1957-இல் இத்தாலியில் பிறந்தது. மினியைவிடவும் குட்டி. இரண்டே சிலிண்டர், எஞ்சின் பின்னால். கூரையில் துணி மடிப்பு இருக்கும்.

டாட்சன் 120ஒய்: உங்கள் அப்பாவிடம் ‘ஒன் டுவென்டி ஒய்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1970-களின் மலேசியக் குடும்பக் கார். ஜப்பானியக் கார்கள் பிரிட்டிஷ் கார்களைச் சாலையிலிருந்து ஓரம்கட்டிய காலத்தின் அடையாளம்.

டிரையம்ப் ஹெரால்டு வந்தால் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. இதே கார் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் 1961 முதல் சென்னைக்கு வெளியே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரானது. பிரிட்டனில் விற்காத நான்கு கதவு ஹெரால்டைக்கூட அங்கே செய்தார்கள்.

இன்னொரு விஷயம். எண் தகட்டின் முதல் எழுத்து கார் எந்த மாநிலத்தில் பதிவானது என்று சொல்லும். ‘எம்’ என்றால் மலாக்கா, ‘ஜே’ ஜொகூர், ‘என்’ நெகிரி செம்பிலான், ‘பி’ என்று நாம் உச்சரிப்பதில் இரண்டு உண்டு, ஒன்று சிலாங்கூர், மற்றொன்று பினாங்கு. ஒரே எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் பழைய பதிவாக இருக்கலாம். ஆனால் பழைய எண்ணை வேறு காருக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு என்பதால், தகட்டை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

சின்னக் கார் ரேலிக்கு இவ்வளவு மவுசு ஏன்?

1964-இல் நடந்த மான்டி கார்லோ ரேலிதான் பதில். பனி மூடிய மலைச் சாலையில், பெரிய எஞ்சின் வைத்த கார்களைத் தாண்டி, பேடி ஹாப்கிர்க் ஓட்டிய சிவப்பு மினி கூப்பர் எஸ் வென்றது. 1965-இலும் 1967-இலும் மினியே ஜெயித்தது. 1966-இல் முதல் மூன்று இடங்களிலும் வந்த மினிகளை முன்விளக்கு விதிமீறல் என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். ஜெயித்ததைவிட அந்தத் தகுதிநீக்கம்தான் மினியை இன்னும் பிரபலமாக்கியது.

நம் நாட்டுக்கும் ஒரு பழைய ரேலித் தொடர்பு உண்டு. 1977 ஆகஸ்டில் லண்டனில் கிளம்பிய லண்டன்–சிட்னி ரேலி, ஐரோப்பா, ஆசியா தாண்டி மெட்ராஸ் வரை தரைவழியாக வந்தது. அங்கிருந்து கார்கள் கப்பலில் பினாங்குக்கு வந்து, தீபகற்பத்தின் வழியாகச் சிங்கப்பூர் போய், மறுபடி கப்பலேறி ஆஸ்திரேலியா போயின. சுமார் 30,000 கிலோமீட்டர் பயணம். மெட்ராசில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவது. நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் வந்த அதே கடல்வழி.

ஜாசினில் எங்கே நிற்கலாம்?

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளப்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் கிளம்பும் இடம், சாப்பிடும் இடம், முடியும் இடம் மூன்றையும் பெரும்பாலும் முன்கூட்டியே போட்டுவிடும். நடுவில் எந்தச் சாலை என்பதை ஊகிக்கலாம்.

ஜாசின் மாவட்டத்தில் மூன்று விதமான காட்சிகள் கிடைக்கும்.

கடைத்தெரு: ஜாசின், மெர்லிமாவ், செலாண்டார் போன்ற ஊர்களின் பழைய கடைவீடுகள். இங்கே கார்கள் மெதுவாக வரும், சந்திப்பில் நிற்கும். ஐந்தடிக் கடை நடைபாதையில் நிழலில் நின்றே எடுக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. பழைய கடைவீடும் பழைய காரும் ஒரே சட்டகத்தில் வந்தால் படத்துக்கு விளக்கமே தேவைப்படாது.

தோட்டச் சாலை: ஆசாஹான் பக்கம் போனால் செம்பனை இரண்டு புறமும் சுவர் மாதிரி நிற்கும், வானம் வெளுத்திருந்தால் தூரத்தில் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை தெரியும். மலேசியாவின் ரப்பர் கதை தொடங்கிய வட்டாரம் இது. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார், அடுத்துப் பெரிய அளவில் பயிரிட்டது புக்கிட் ஆசாஹானில். தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த காரணமும் அந்த மரம்தான். ஒன்றை மறக்காதீர்கள்: தோட்டத்தின் உள்சாலை தனியார் நிலம். கேட்டில் காவலர் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கடற்கரைப் பக்கச் சாலை: மலாக்காவிலிருந்து உம்பாய், மெர்லிமாவ் வழியாக மூவாருக்குப் போகும் கூட்டரசு சாலை 5. கம்பத்து வீடுகள், தென்னை, மெர்லிமாவில் பெங்ஹுலுவின் பழைய மர வீடு என்று பின்னணிக்குக் குறை இல்லை. ஆனால் போக்குவரத்து அதிகம். சாலையைக் கடந்து கடந்து இடம் மாற்றுவதற்கு ஏற்ற இடமில்லை.

நேரக் கணக்கு எளிது. சீர்வேக ரேலியில் கார்களை வழக்கமாக ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். முதல் கார் காலை 8.30-க்குக் கிளம்புகிறது, நீங்கள் நிற்பது 20 கிலோமீட்டர் தள்ளி, சராசரி வேகம் 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் கார் 9 மணிக்கு உங்களைத் தாண்டும். மொத்தம் 40 கார்கள் என்றால் கடைசிக் கார் 9.39-க்கு வரும். கான்வாய் என்றால் கதை வேறு, பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

பாதுகாப்பு: இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

2024 ஏப்ரல் 21-ஆம் தேதி இலங்கையின் தியத்தலாவையில் நடந்த ஃபாக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில், ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ரேலியில் சாலையை ஒட்டி நின்ற கூட்டத்துக்குள் கார் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதுவும், அதே ஆண்டு மே மாதம் கோர்சிகாவில் நடந்த இன்னொரு விபத்தும் சேர்ந்து, அன்றைய அதிவேக ‘குரூப் பி’ ரேலிக் கார்களுக்கே முடிவு கட்டின.

அவை வேகப் போட்டிகள், இது மெதுவான அணிவகுப்புதானே என்று கேட்கலாம். வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் பழைய காரின் குணமும் வேறு. மோரிஸ் மைனருக்கும் தொடக்ககால மினிக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. நீங்கள் திடீரென்று சாலைக்குள் ஒரு காலை வைத்தால், இன்றைய கார் நிற்கும் தூரத்தில் அது நிற்காது. அந்த மாதிரிப் பழைய காரில் ஓட்டுநரைக் காக்கக் காற்றுப்பை கூட இருக்காது. ஓட்டுநர் உங்களைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால், ஆபத்து அவருக்கும்தான்.

இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்:

• வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். பிடி விட்ட கார் அந்தப் பக்கம்தான் போகும். உள்பக்கம், அதுவும் சாலையிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

• சாலைக்கும் உங்களுக்கும் நடுவில் ஏதாவது இருக்கட்டும்: மேடு, மரம், தடுப்பு. எதுவும் இல்லையென்றால் இன்னும் பின்னால் போங்கள்.

• முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் திரும்பிப் பாருங்கள். பின்வாங்க இடம் வேண்டும். பின்னால் லோங்காங் இருந்தால் அது நிற்கும் இடமில்லை.

• சாலையில் படுத்து எடுப்பது, வெள்ளைக் கோட்டில் முக்காலி வைப்பது இரண்டும் வேண்டாம்.

• ரேலிக் கார்களை மட்டும் பார்க்காதீர்கள். அன்றைக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும், மோட்டார் வரும். பெரிய ஆபத்து பெரும்பாலும் அவற்றால்தான். கண் கேமராவில் இருக்கும்போது சாலையைப் பார்க்க ஒரு நண்பரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

• விரைவுச்சாலையின் அவசரப் பாதையில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது குற்றம். மேம்பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

• சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு பெரியவர் கேமராவைத் தொடவே கூடாது. அவர் வேலை பிள்ளைகளைப் பார்ப்பது.

• தோட்ட ஓரப் புல்லுக்குள் இறங்கும் முன் காலணியைப் பாருங்கள். சிலிப்பர் போதாது. பாம்பு இருக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால் 999. அதற்கு முன்பே நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரோ கிலோமீட்டர் கல்லின் எண்ணோ தெரிந்திருக்கட்டும். ‘செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வந்து சேராது.

படம் எடுப்பது எப்படி?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகரும். உங்களை நேர் எதிரே கடக்கும் மினி, தன் முழு நீளத்தையும் கால் வினாடிக்குள் காட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே கார் வந்த பிறகு கேமராவைத் தூக்கினால் கிடைப்பது பின்பம்பர்தான். எந்த இடத்தில் கார் வரும்போது அமுக்குவது என்று முன்பே முடிவு செய்து, அங்கே ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது.

உறையவைப்பது: ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு வினாடி. அந்த நேரத்தில் கார் நகர்வது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. எண் தகடு, ஓட்டுநரின் சிரிப்பு எல்லாம் கூர்மையாக விழும். ஆனால் சக்கரமும் நின்றுபோன மாதிரி தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் கார் சும்மா நிறுத்தி வைத்தது போல இருக்கும். அதனால் இதை முன்பக்கம் பாதி, பக்கம் பாதி தெரியும் கோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே திருப்புவது: ஷட்டர் வேகம் அறுபதில் ஒரு வினாடி. கார் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஆனால் நீங்களும் அதே வேகத்தில் கேமராவைத் திருப்பினால் கார் தெளிவாகவும் செம்பனை மரங்கள் பச்சைக் கோடுகளாகவும் வரும். கால்களை அசைக்காமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பத்துப் படத்தில் ஒன்று நன்றாக வந்தால் அதுவே வெற்றி. முதலில் நூற்று இருபத்தைந்தில் ஒரு வினாடியில் தொடங்கி, கை பழகியதும் குறைக்கலாம். ரேலி வருவதற்கு முன், போகிற வருகிற கன்சில்களை வைத்துப் பயிற்சி செய்யுங்கள்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். திரையை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். தொடர் படங்கள் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், தரம் போய்விடும். கடைத்தெருவில் கார் நிற்கும் இடத்தில் கைப்பேசியும் விலையுயர்ந்த கேமராவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பத்து மணிக்கு மேல் சூரியன் மளமளவென்று உச்சிக்கு ஏறிவிடும். காருக்குள் இருப்பவர் முகம் கறுப்பாகிவிடும், பளபளக்கும் குரோமியம் மட்டும் கண்ணைக் குத்தும். காலை ஒன்பதரைக்குள் எடுப்பது நல்லது, இல்லையென்றால் மர நிழல் விழும் பகுதியைத் தேடுங்கள். இன்னொன்று ஈரக்காற்று. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்சில் பனி படியும். கால் மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

மழை வந்தால் ஓடிவிடாதீர்கள். ஈரச் சாலையில் காரின் நிறம் பிரதிபலிக்கும். பழைய மினியில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கம்பி வலைக்கு நேர் பின்னால் இருக்கிறது. தண்ணீர் அடித்தால் எஞ்சின் திக்கும், நின்றுகூடப் போகும். அப்போது போனட்டைத் திறந்து நான்கு பேர் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த நாளின் மிக நல்ல படம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் முதலில் ‘உதவி வேணுமா?’ என்று கேளுங்கள். பிறகு ‘ஒரு படம் எடுத்துக்கலாமா?’ என்று கேளுங்கள்.

பளிச்சென்ற ஃபிளாஷை ஓடும் காரின் ஓட்டுநர் முகத்தில் அடிக்கவே கூடாது. ட்ரோன் பறக்கவிட வேண்டுமென்றால் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். மினியின் கியர் முனகல், பீட்டிலின் படபடப்பு, ஃபியட்டின் தையல் மெஷின் ஓசை இவற்றைப் படத்தில் பிடிக்க முடியாது. கைப்பேசியைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பிடித்து, நீங்கள் பேசாமல் பத்து வினாடி போதும்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

இன்ஸ்டாகிராமில் போடுவது உங்கள் விருப்பம். வீட்டு வாசலில் நிற்கும் காரின் படமென்றால் எண் தகட்டையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். பழைய கார்களையும் உதிரிப் பாகங்களையும் தேடித் திருடுபவர்கள் உண்டு. பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் கேளுங்கள்.

ஆனால் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு நல்ல படத்துக்கும் ஐந்து விவரங்கள் எழுதி வையுங்கள்: தேதி, இடம், காரின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, யார் எடுத்தது. உரிமையாளர் சம்மதித்தால் ஆறாவதாக ஒன்று: இந்தக் கார் அவரிடம் எப்படி வந்தது? பெரும்பாலும் அந்தப் பதில்தான் காரைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

பிறகு அந்தப் படங்களை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கார்கள் பொழுதுபோக்காக இருந்ததில்லை. செம்மண் சடக்கில் கார் வருகிறது என்றாலே துரையோ, டிரெசரோ, வெளியூர் ஆளோ என்று லயத்து வாசலில் நின்று பார்த்த காலம் அது. பிரசவ வலியில் இருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டி வந்தது என்று ஒரு டெக்ஸியைச் சுற்றி ஒரு தோட்டத்தின் பாதிக் கதை இருக்கும். ‘இந்த மாதிரி காரு நம்ம தோட்டத்துல யார்கிட்ட தாத்தா இருந்துச்சு?’ என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியில் குரல் பதிவை அமுக்குங்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. யார் எந்தக் காரை ஓட்டினார்கள், எந்தப் பட்டறையில் பழுது பார்த்தார்கள் என்பது பெரும்பாலும் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

பழைய காரை ஓடவைப்பது என்பதே கைமாற்றிக் கொடுக்கும் அறிவுதான். பிரிட்டனில் மோரிஸ் மைனர் தயாரிப்பு 1970-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. அதற்கு இருபது ஆண்டுக்குப் பிறகு, அங்குள்ள ஒரு பட்டறைக்குத் தேவையான தகடுகளை இலங்கையில் செய்து அனுப்பினார்கள். காரணம், இலங்கையில் அந்தக் கார் இன்னும் அன்றாட வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தட்டிச் சரிசெய்யத் தெரிந்த கைகளும் அங்கே இருந்தன.

முதல் பெரோடுவா கன்சில் வந்தது 1994 ஆகஸ்டில். 660 சிசி எஞ்சின், ஐந்து கதவு, எத்தனையோ குடும்பங்களின் முதல் கார். அதற்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. பழைய கார் கூட்டங்களில் அதன் முறை வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கன்சில் இன்னும் ஓடுகிறது என்றால், விற்பதற்கு முன் அதன் பக்கத்தில் அம்மாவையும் அப்பாவையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, தேதியும் ஊரும் எழுதி வைத்துவிடுங்கள்.